வால் இல்லாத பைல்கள்

இதை எழுத எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் போன ஆவணியில் அச்சங்குளத்துப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. சோறு இறங்க மாட்டேன் என்கிறது. எழுதிப் பார்த்தாலாவது கொஞ்சம் குறையுமா என்று உட்கார்ந்திருக்கிறேன். குறையாது என்றும் தெரியும்.

நான் விருதுநகர்க்காரன். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்கு மல்லி, வத்தல் கமிஷன் வியாபாரம். கடையில் உட்காரச் சொன்னார்கள். தும்மிக்கொண்டே காலத்தை ஓட்ட முடியாது என்று சண்டை போட்டுக் கம்ப்யூட்டர் படித்தேன். படித்து முடித்ததும் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை கிடைத்தது. காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் அடிக்கிற இடம். தினமும் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன்களுக்கு நடுவே முட்டி மோதி பஸ்ஸில் போய் இறங்குவேன்.

டிசைன் போடுகிற அறைக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் கட்டடத்திலேயே ஏசி போட்டிருந்தது அங்கே மட்டும்தான். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர். சன்னல் பக்கம் மேக். கதவுப் பக்கம் விண்டோஸ் ஓடுகிற பிசி. மேக்கில் ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தார், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், சாத்தூருக்குக் கிழக்கே கொஞ்சம் மானாவாரி நிலம் உள்ள குடும்பம். பிசிக்கு நான். முதல் நாளே அவர் சொன்னார், "ஏசிய மேக்குக்காகப் போட்டிருக்குலே. ஒனக்குன்னு நெனச்சுக்கிறாத." எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அது.

சண்டை என்றால் கைகலப்பு இல்லை. வாய்ச்சண்டைதான், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். அவர் மவுசுக்கு ஒரே பட்டன். "என்னண்ணே, ஒங்க எலிக்கு ஒரு காத அறுத்துட்டாகளா?" என்பேன். "ஒத்த வெரல் போதும்லே, மத்த வெரலெல்லாம் சோறு திங்கிறதுக்கு" என்பார். என் பிசி உறைந்து போய் நிற்கும்போதெல்லாம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். அவருடைய மேக்குக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் எழுந்து நின்றே வேடிக்கை பார்ப்பேன். இரண்டு பேருக்கும் வெட்கமே கிடையாது. பிளேட் போடுகிற ஆட்கள், "இதுகளுக்கு ரெண்டு பொம்மையக் குடுத்து உக்கார வச்சிருக்காரு மொதலாளி" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அதிகமாகச் சண்டை போட்டது பைலுக்கு வால் வேண்டுமா வேண்டாமா என்பதில். பிசியில் ஒரு பைலைச் சேமித்தால் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதற்குப் பின் மூன்று எழுத்து இருக்கும். படமா, பக்கமா, கணக்கா என்று பிசிக்குச் சொல்வது அந்த வால்தான். மேக்குக்கு அப்போதெல்லாம் வால் தேவையில்லை. இது படம் என்று அதுவே உள்ளுக்குள் தெரிந்து வைத்திருக்கும். பார்ட்டிக்குக் கொடுத்தனுப்புகிற பைல் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அண்ணன் ஆர்டர் நம்பரை மட்டும் பெயராக வைப்பார். வால் வைக்க மாட்டார். "பெத்த பிள்ள யாருன்னு தாய்க்குச் சீட்டு எழுதி ஒட்டணுமாலே?" என்று கேட்பார். "நாளைக்கு வேற மிஷினுக்குப் போனா என்ன செய்வீக?" என்று நான் கேட்பேன். "நாளைக்கு மவுசும் இருக்காது, இந்தக் குட்டிக் குட்டிப் படமும் இருக்காது. வாயால சொன்னா அது செஞ்சு குடுக்கும் பாரு. அப்ப ஒன் வால எங்க கொண்டு போயி ஒட்டுவ?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுசன் பேச்சில் ஜெயிக்கவே விட மாட்டார்.

அவருக்கு ஒரு மகள் இருந்து போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருசம், மூளைக்காய்ச்சல், ஏழு வயசு. பிரஸ்ஸில் சொன்னார்கள். அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மத்தியானம் நான் தொழுதுவிட்டு வருகிற நேரம், சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு மேக் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் கதவைத் திறந்ததும் திரையில் இருப்பதை மூடிவிடுவார். "என்னண்ணே, சீட்டாட்டமா?" என்பேன். சிரிப்பார்.

இப்படி மூன்று வருசம் போனது. ஒரு புரட்டாசியில் முதலாளி, மேக்கை அனுப்பிவிட்டு இரண்டு புது பிசி வாங்கப் போவதாகச் சொன்னார். பழுதானால் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது, ஊரிலே மற்ற பிரஸ்ஸெல்லாம் பிசிக்குப் போயாச்சு, பார்ட்டிகள் கொண்டு வருவதும் பிசி பைல்தான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! அன்றைக்குச் சாயங்காலமே சாத்தூர்ச் சேவு ஒரு கிலோ வாங்கி வந்து பிரஸ் முழுக்கக் கொடுத்தேன். அவரிடமும் நீட்டினேன். "ஒங்க ஊர்ச் சேவுதாண்ணே, எடுத்துக்கோங்க." அவர் ஒரு கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாருக்குலே" என்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையலாம் போல இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பிரஸ்ஸில் அச்சு ஓட்டம் அவ்வளவாக இருக்காது. மிஷினையெல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, பழைய சாமானை வெளியே தூக்கிப் போடுவார்கள். புது பிசிகளுக்குப் பொட்டு வைக்க வேண்டும், அதற்குள் மேக் லாரியில் ஏறிவிட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. மேக்கில் இருக்கிற பைல்களையெல்லாம் சிடியில் எழுதி எடுத்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் துடைத்துவிடச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். பார்ட்டிகளுடைய டிசைன் வெளியே போய்விடக் கூடாதல்லவா, அதற்காக. அண்ணனை அன்றைக்கு மிஷின் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கடைசியாக ஒரு காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது, கலர் சரிபார்க்க ஆள் வேண்டியிருந்தது.

சோதனைக்கு ஒரு சிடியை எழுதிப் பிசியில் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெள்ளைத்தாள் மாதிரி ஒரு படமும் கீழே வெறும் நம்பருமாக நின்றன. வால் இல்லாத பைல்கள். அது படமா, பக்கமா, குப்பையா, பிசிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் வாலை ஒட்டி ஒட்டித் திறந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவரைக் கேட்க வேண்டும். நாற்பது அடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, இதுல எது வேணும், எது வேண்டாம்?" என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால், "பாத்தியாலே, ஒன் பிசிக்கு ஒரு மண்ணும் தெரியல" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் அன்றைக்குத் தாங்க முடியாது என்று தோன்றியது. வீம்பு, வேறென்ன. வால் உள்ளதை மட்டும் தேடி எடுத்து சிடியில் எழுதினேன். மற்றதெல்லாம் பழைய குப்பைதான், வேண்டியது என்றால் ஒழுங்காகப் பெயர் வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேக்கைத் துடைத்துவிட்டேன்.

லாரியில் ஏற்றுகிற நேரம் அண்ணன் கைத்துணியோடு வந்து வாசலில் நின்றார். "எல்லாம் வந்துருச்சாலே?" என்று கேட்டார். "எல்லாம் வந்துருச்சுண்ணே" என்றேன். "ஒண்ணு விடாம?" என்றார். "ஒண்ணு விடாம" என்றேன்.

பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்று, குங்குமம் காயாத புதுப் பெட்டி முன்னால் உட்கார்ந்து அவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மத்தியானம் நான் தொழுதுவிட்டு வந்தபோதும் தேடிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே இருந்தது. ஒரு ஆர்டர் நம்பரைச் சொல்லி, "இது எங்கலே?" என்றார். நான் தேடுவது போலத் தேடினேன். "அண்ணே, மேக் பைலு சிலது பிசிக்கு வராது. அது வச்சிருக்கிற மொற அப்பிடி. கூட்டிட்டு வரும்போதே செத்துப் போகும்" என்று சொன்னேன். செத்துப் போகும் என்றுதான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு, "பாப்பா படம்லே அது" என்றார்.

அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. மகளுக்கு ஆறு வயசு இருக்கும்போது ஒரு பட்டாசுப் பார்ட்டி மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் கேட்டிருக்கிறது, சின்னப்பிள்ளை முகம் வேண்டும் என்று. இவர் ஆசை ஆசையாக மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, ஸ்டுடியோவில் படம் எடுத்து, ஸ்கேன் செய்து, லேபிள் போட்டுக் காட்டியிருக்கிறார். பார்ட்டி பார்த்துவிட்டு, "பிள்ள கறுப்பா இருக்கே, செவப்பா ஒரு பிள்ளையப் போடுங்க" என்றிருக்கிறது. யாரோ வெள்ளைக்காரப் பிள்ளையின் முகம்தான் கடைசியில் பெட்டியில் ஏறியது. அடுத்த வருசம் மகள் போய்விட்டாள். பெற்றவள் அந்த ஸ்டுடியோ படத்தைக் கட்டிக்கொண்டு மயங்கி மயங்கி விழுகிறாள் என்று, அவருடைய அக்கா அதைப் பிடுங்கிப் பிள்ளையோடு குழிக்குள் வைத்துவிட்டார்கள். வீட்டில் வேறு படம் கிடையாது, அந்த ஸ்டுடியோவையும் மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எடுத்த கும்பல் படத்தில் முன்னால் நிற்கிற பிள்ளையின் ரிப்பன்தான் இவள் முகத்தை மறைக்கிறது. "போனாப் போகுது, மேக்குல இருக்குல்லன்னு இருந்தேன்" என்றார். தினமும் மத்தியானம் அதைத்தான் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்று வரைக்கும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவள் பிரஸ்ஸுக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று பயம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே, மேக்கை வாங்கிப் போன சென்னை வியாபாரிக்குப் போன் போட்டு, "உள்ள ஏதாவது மிச்சம் இருக்கா பாருங்க" என்று கேட்டேன். என் கையாலேயே துடைத்ததை இன்னொருவனிடம் கேட்டு நாடகம் ஆடினேன். அவன் ஒன்றுமில்லை என்றான். "சரி விடுலே, நீ என்ன செய்வ" என்று அண்ணன் என் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு அவர் என் கட்சிக்கு வந்துவிட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாராவது மேக்தான் ஒசத்தி என்று பேச்செடுத்தால் அவர்தான் முதலில் பாய்வார். "அதெல்லாம் நம்பாதீக. பாக்க லட்சணமா இருக்கும், நம்ம பொருள முழுங்கிட்டு நிக்கும்" என்பார். ஒவ்வொரு பைலுக்கும் வால் ஒட்டியாயிற்றா என்று இரண்டு தரம் பார்ப்பார். மூன்று வருசமாக நான் ஜெயிக்க ஆசைப்பட்ட சண்டையை இப்படி ஜெயித்தேன். நான் அந்த பிரஸ்ஸை விட்டு வந்ததற்கே அதுதான் காரணம். வீட்டில் சம்பளம் பற்றவில்லை என்று சொன்னேன்.

இப்போது விருதுநகரிலேயே சின்னதாக ஒரு டிசைன் சென்டர் வைத்திருக்கிறேன். பத்திரிகை, பிளக்ஸ், ஓட்டல் மெனு. மேக்கா பிசியா என்று இப்போது யாரும் அடித்துக்கொள்வதில்லை. பாதி வேலையை வருகிறவர்களே போனில் முடித்துக்கொண்டு வருகிறார்கள். வாயால் சொன்னால் படம் போட்டுக் கொடுக்கிற மிஷினும் வந்துவிட்டது. மவுசைத் தொடாமலே மாலை போட்ட மாப்பிள்ளையும் மண்டபமும் வந்து நிற்கின்றன. அண்ணன் அன்றைக்கே சொன்னார். எனக்கு அதில் ஒரு சந்தோசமும் இல்லை.

போன ஆடியில் அவர் என் கடைக்கு வந்தார். முடி வெளுத்து, ஆள் பாதியாகியிருந்தார். மகனுக்கு ஆவணியில் கல்யாணம். அவர்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் கன்னி கும்பிடுவார்கள். கல்யாணம் ஆகாமல் சின்ன வயசில் போன பெண்பிள்ளையை வீட்டுச் சாமியாக நினைத்து, புதுப் பாவாடை சட்டை எடுத்து வைத்து, பொங்கலும் பலகாரமும் படைத்து, அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கல்யாண வேலையைத் தொடங்குவார்கள். "பாவாட சட்ட எடுத்தாச்சு. அவ முகத்த வச்சுக் கும்பிடணும்னு ஒங்க மதினிக்கு ஆச. வாய விட்டுக் கேட்டதில்ல, எனக்குத் தெரியும். இப்ப சொன்னாப் படம் போடுதாமே, பாப்பாவக் கொண்டு வந்துருலே" என்றார்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் மைக்கில் சொன்னேன். ஆறு வயசு, தமிழ்ப் பிள்ளை, பட்டுப்பாவாடை, இரட்டைச் சடை. முதலில் வந்ததெல்லாம் சிவப்புப் பிள்ளைகள். "கறுப்புன்னு சொல்லு, நல்லாச் சொல்லு" என்றார். சொன்னேன். விளம்பரத்தில் வருகிற மாதிரி கறுப்புப் பிள்ளைகள் வந்தன. நெற்றி இம்புட்டு அகலம் இல்லை என்றார். பல்லில் சின்ன இடைவெளி என்றார். ஒவ்வொரு முகமாக வந்து வந்து போனது. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் இறங்க ஆரம்பித்தது. "கன்னத்துல ஒரு மச்சம்" என்றார். "எந்தக் கன்னம்ணே?" என்றேன். இரண்டு கையையும் தன் கன்னத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு மடியில் இறக்கிக்கொண்டார். அதற்கப்புறம் வந்த இரண்டாவது படத்தில் சட்டென்று, "இதான்லே, இதான்" என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டினேன். வேறு என்ன செய்ய?

கும்பிடுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அச்சங்குளத்துப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் படத்தை நானே கொண்டு போனேன். மதினி வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி, எம்புட்டு வருசமாச்சு, வீட்ல நல்லா இருக்காகளா, சாப்பிட்டீகளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். நடு அறையில் மனைப்பலகை போட்டு, பச்சைப் பாவாடையும் மஞ்சள் சட்டையும் மடித்து வைத்திருந்தது. ஏழு வயசுப் பிள்ளைக்கு அளவு. அண்ணன் படத்தைப் பேப்பரிலிருந்து பிரித்து மனையில் சாய்த்து வைத்தார். மதினி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். சந்தோசமாகத்தான் பார்த்தார்கள்.

"லட்சணமா இருக்கா. யாரு பிள்ள இது?" என்றார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நம்ம பாப்பாதான். கம்ப்யூட்டர்ல சொல்லிப் போட்டது. பழைய படத்தத்தான் அந்த மேக்கு முழுங்கிருச்சே, அப்புறம் ஒங்கிட்டச் சொன்னேன்ல? அன்னைக்குக்கூடத் தம்பி எம்புட்டோ பாடுபட்டான்" என்றார். மதினி மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். இந்தத் தரம் ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு கோபமே இல்லாமல் அவரிடம் கேட்டார்கள்.

"ஒங்களுக்கு மறந்துருச்சா?"

அவர் முகத்தில் துண்டை வைத்துக்கொண்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். பெற்ற பிள்ளையின் முகம் மறந்துபோனதைப் பெண்டாட்டி முன்னால் ஒத்துக்கொள்கிற ஒரு மனுசனை அப்படி உட்கார வைத்தது நான். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுசனே இல்லை. "மேக் முழுங்கல மதினி. அண்ணே, நான்தான். வால் இல்லாத பைலையெல்லாம் என்னன்னு பாக்காம, ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம, நான்தான் அழிச்சேன். எல்லாம் வந்துருச்சுன்னு பொய் சொன்னேன்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அடிப்பார், வெளியே போ என்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அடித்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

அண்ணன் துண்டை எடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேறு என்னமோ இருந்தது, ஏதோ கிடைத்துவிடப் போகிற மாதிரி ஒரு பரபரப்பு.

"அழிக்கும்போது தொறந்து பாத்தியாலே? அவ முகத்தப் பாத்தியா? மச்சம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"தொறக்கல அண்ணே" என்றேன்.

"ஒரு தடவ தொறந்து பாத்திருக்கலாம்லே" என்றார்.